ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு: ஓடர் கொடுக்கும்போது சொல்லில் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கட்டும் பல வீடுகளில் பின் விறாந்தைக்கு ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு கேட்கிறார்கள். காசு கனடாவிலிருந்து வரும், படம் வாட்ஸ்அப்பில் வரும், வேலை உள்ளூர் அலுமினியக் கடையில் நடக்கும். ஒரே சொல்லை மூன்று பேரும் மூன்று விதமாக விளங்கிக்கொண்டால், வெட்டிய அலுமினியத்தை யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

அதிகம் குழப்புவது இடது, வலதுதான். “வலப் பக்கம் திறக்கவேணும்” என்று சொல்பவர் வீட்டு ஹோலுக்குள் நிற்கிறார், கதவு செய்யும் பாஸ் முற்றத்தில் நின்று அளக்கிறார். அதோடு, வலப்பக்கப் பனல் (கண்ணாடி பூட்டிய சட்டம்) ஓட வேண்டுமா, இல்லை பனல் வலப்பக்கமாக ஓட வேண்டுமா? அந்தச் சொல்லில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. வட அமெரிக்கப் படங்களில் ஓடும் பனலுக்கு எக்ஸ், அசையாததற்கு ஓ என்று போடுவார்கள். பெரும்பாலும் அது வெளியே நின்று பார்த்த வரிசை. ‘ஓ எக்ஸ்’ என்றால் வெளியிலிருந்து பார்க்க வலப்பக்கப் பனல் ஓடும். உள்ளே வந்தால் அதே பனல் உங்கள் இடப்பக்கம். இந்த எழுத்துகளோடு மல்லுக்கட்டுவதை விட, “கிணற்றுப் பக்கத்துப் பனல் ஓடவேணும், குசினிப் பக்கத்தது அசையக்கூடாது” என்று சொல்லிவிடுங்கள். கிணறு இடம் மாறாது. இரண்டு பனலுமே ஓட வேண்டுமென்றால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அடுத்தது அளவு. “ஆறடிக் கதவு” என்றால் எது ஆறடி? சுவரில் விட்ட இடைவெளியா, நிலையின் வெளி அளவா, நடக்கும் வழியா? இரண்டு பனல் கதவில் ஒன்று மற்றதன் பின்னால் போய் நிற்கும். ஆகவே ஆறடி நிலையில் நடக்கக் கிடைப்பது மூன்றடிக்கும் குறைவு. கட்டில் ஏற்றும் நாளில்தான் பலருக்கு இது உறைக்கிறது. பூச்சு முடிந்து, தரையில் டைல் எவ்வளவு உயரும் என்று தெரிந்த பிறகே கடைசி அளவை எடுங்கள்.

பனலையும், அது ஓடும் தடமான ட்ராக்கையும் ஒன்றாக எண்ணுவதும் உண்டு. நுளம்பு வலைக்குத் தனி ட்ராக் வேண்டும். எனவே மூன்று ட்ராக் என்றவுடன் மூன்று கண்ணாடி என்று நினைக்காதீர்கள், இரண்டு கண்ணாடியும் ஒரு வலையுமாக இருக்கலாம்.

“நல்ல தடித்த கண்ணாடி” என்பது விலையைத்தான் கூட்டும். சாதாரணக் கண்ணாடி எவ்வளவு தடித்திருந்தாலும் உடைந்தால் கூரான துண்டுதான். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய டெம்பர்ட் கண்ணாடி சிறு துண்டுகளாக நொறுங்கும். இரண்டு கண்ணாடிகளைப் படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் உடைந்தாலும் நடுவிலுள்ள அந்தப் படலத்தில் ஒட்டி நிற்கும். பெயர் சொல்லிக் கேளுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். டெம்பர் பண்ணிய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால் பூட்டுக்கான துளை, அளவு எல்லாம் முதலே முடிவாக வேண்டும்.

நிலையின் கீழ்ச் சட்டத்தில் வெளிப்பக்கம் இருக்கும் சிறு துளைகளை ‘ஓட்டை’ என்று நினைத்து சிலிக்கன் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அவை ட்ராக்கில் தேங்கும் தண்ணீர் வெளியேறும் வழி. அடைத்தால் மாரி மழையில் தண்ணீர் ஹோலுக்குள் வரும்.

கதவு இறுகினால் உடனே “ட்ராக் பழுது” என்று மாற்றக் கேட்க வேண்டாம். முதலில் மணலைத் துடைத்துவிட்டு, அடியிலுள்ள சில்லுகளைப் பாருங்கள். பல கதவுகளில் பனலின் ஓரத்தில், கீழே, சில்லை ஏற்றி இறக்கும் ஒரு திருகாணி இருக்கும்.