மொத கஸ்டம் கத்தி வாங்கியாச்சா? தீட்டுறதுல இருந்து இடுப்புல மாட்டிட்டு வெளிய போற வரைக்கும்

ஹூஸ்டன்ல என் ஃப்ரெண்ட் ஒருத்தன் மொதமொதலா ஒரு கஸ்டம் கத்தி, அதாவது கொல்லர் கையால செஞ்சது, வாங்கினான், 52100 ஸ்டீல், மெஸ்கிட் மரத்துல பிடி, பாத்துட்டே இருக்கலாம் போல. ஆனா மூணு வாரமா டப்பாவுலயே கெடக்கு, ஏன்டான்னு கேட்டா மழுங்கினா தீட்டத் தெரியாது, வெளிய எடுத்துட்டுப் போனா போலீஸ் புடிக்குமான்னும் தெரியலங்கறான். அவனுக்கு போன்ல சொன்னதத்தான் இங்க எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு, பயப்படாம யூஸ் பண்ணுங்க. அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டின்னு 1976ல ஆரம்பிச்ச அமைப்பு இருக்கு, அதுல ஜர்னிமேன் ஸ்மித்ங்கற கொல்லர் பட்டம் வாங்கணும்னா தான் அடிச்ச கத்தியால தொங்குற ஒரு இன்ச் கயித்த ஒரே வீச்சுல அறுக்கணும், டூ-பை-ஃபோர்னு சொல்ற வீடு கட்டற மரக்கட்டைய ரெண்டு தடவ வெட்டித் துண்டாக்கணும், அதுக்கப்புறமும் அதே கத்தி வாயால (வெட்டுற ஓரத்தால) கை முடிய சிரைக்கணும், கடைசியா வைஸ்ல (இறுக்கிப் புடிக்கற இடுக்கில) மாட்டி 90 டிகிரி வளைக்கறப்ப ஒடயக்கூடாது. இப்படி ஒழைக்கறதுக்குன்னு செஞ்ச பொருள டப்பாவுல வைக்காதீங்க.

ஸ்டெப் 1: என்ன ஸ்டீல்னு கேட்டுக்கோங்க

1095, 52100, 80சிஆர்வி2 இதெல்லாம் கார்பன் ஸ்டீல், நல்லா தீட்ட வரும் ஆனா துரு புடிக்கும். ஏஇபி-எல் மாதிரி இருந்தா ஸ்டெயின்லெஸ், கவலை கம்மி. கார்பன் ஸ்டீல்ல மாங்கா நறுக்கினா கொஞ்ச நேரத்துல சாம்பலும் நீலமுமா கறை ஏறும், பதறாதீங்க, ஊர்ல பாட்டியோட அருவாமனை கறுத்துப்போயி இருக்குமே அதே சமாச்சாரம்தான். கறுப்பு நல்லது, செகப்பு துருதான் ஆகாது.

ஸ்டெப் 2: கல்லும் கோணமும்

1000 கிரிட் (கல்லோட சொரசொரப்பு அளவு) தண்ணிக்கல் ஒண்ணு போதும் ஆரம்பத்துக்கு. ஊற வைக்கற கல்லா இருந்தா 10 நிமிஷம் தண்ணில போடுங்க, அடியில ஈரத்துணி விரிச்சு ஆடாம வைங்க. கத்தியோட முதுகத் தூக்கிப் புடிக்கற கோணம் ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி. அத கண்ணால எப்படி அளக்கறதுன்னு எல்லாரும் கேப்பாங்க, என் வழி இதுதான்: கத்தி வாயில இருந்து முதுகு வரைக்கும் 30 மில்லிமீட்டர் அகலம், முதுகு 3 மில்லிமீட்டர் கனம்னா, கல்லு மேல அஞ்சு குவார்ட்டர் (25 சென்ட்) காச அடுக்கி அது மேல முதுகச் சாய்ச்சு வைங்க, கிட்டத்தட்ட சரியா 20 வந்துடும். அந்தச் சாய்வ மணிக்கட்டு ஞாபகம் வச்சுக்கட்டும், அப்புறம் காச எடுத்துடுங்க.

இன்னொண்ணு, கத்தி வாய் ஓரம் பூரா பர்மனென்ட் மார்க்கர் தடவிட்டு நாலு இழுப்பு இழுங்க. முதுகுப் பக்கமா மட்டும் மை போயிருந்தா ரொம்பப் படுக்க வச்சிருக்கீங்க, நுனி விளிம்புல மட்டும் போயிருந்தா ரொம்பத் தூக்கிட்டீங்க.

ஸ்டெப் 3: பிசிறு

முக்கால்வாசிப் பேரு இங்கதான் கோட்டை விடறாங்க, அதனால பொறுமையா படிங்க. ஒரு பக்கத்தையே தீட்டிட்டே இருந்தா ஒரு கட்டத்துல வாய் மெலிஞ்சு, அந்த மெலிசான இரும்பு எதிர்ப்பக்கமா மடங்கும், அதுதான் பிசிறு. கண்ணுக்குச் சரியாத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கட்டைவிரல முதுகுல இருந்து வாய்க்கு வெளிப்பக்கமா, குறுக்க, லேசா வழிச்சுப் பாருங்க, வாய் நீளத்துக்கு மட்டும் விரல ஓட்டிடாதீங்க, அறுத்துடும். கம்பளி நூல் விரல்ல மாட்டற மாதிரி ஒரு சொரசொரப்பு பிடிகிட்ட இருந்து முனை வரைக்கும் விடாம இருக்கணும். நடுவுல ஒரு அரை இன்ச் வழவழன்னு இருந்தா அந்த எடம் இன்னும் தீட்டல, அங்க மறுபடி போங்க. பஞ்ச வச்சு வழிச்சாலும் இழை இழையா மாட்டும்.

பிசிறு வந்தா மட்டும்தான் அடுத்த பக்கம் திருப்பணும். அந்தப் பக்கமும் வந்ததும் கைய லேசாக்கிட்டே வாங்க, பக்கத்துக்கு அஞ்சு, மூணு, ஒண்ணுன்னு மாத்தி மாத்தி, கடைசில கத்தியோட சொந்த கனம் மட்டும் கல்லுல எறங்கினாப் போதும். அப்புறம் பச்சை காம்பவுண்ட் (பாலிஷ் பண்ற பசை) தடவின தோல் பட்டைல முதுகு முன்னால போற மாதிரி பத்துப் பதினஞ்சு இழுப்பு. பேப்பர் சத்தமில்லாம கிழியணும், தக்காளித் தோல் அழுத்தாமலே வெட்டணும்.

தயவுசெஞ்சு மெஷின் சாணைக்குக் குடுக்காதீங்க. நான் ஒரு தடவ ஒரு கடையில குடுத்தேன், பெல்ட்டுல வச்சு சர்ருனு இழுத்துட்டாங்க, வாங்கிப் பாத்தா வாய் ஓரம் நீலமா ஓடியிருந்துச்சு. இந்த மாதிரி கத்திக்கெல்லாம் 200 டிகிரி செல்சியஸ் வாக்குல மறுபடி சூடு பண்ணித்தான் பதம் எறக்குவாங்க, நீலம்னா 300 பக்கம் போயிடுச்சுன்னு அர்த்தம், அந்த எடத்துல பதம் போயி மெத்துனு ஆயிடும். நீலம் போற வரைக்கும் கல்லுல தேய்ச்சே எறக்க எனக்கு ரெண்டு ஞாயித்துக்கெழம போச்சு.

ஸ்டெப் 4: தொடச்சு எண்ணெய்

கழுவி ஒடனே தொடச்சு ஃபுட் கிரேட் மினரல் ஆயில் ஒரு சொட்டு. தோல் உறைக்குள்ள நாள்கணக்கா வைக்காதீங்க, தோல் ஈரத்த இழுக்கும், ஹூஸ்டன் புழுக்கத்துல கேக்கவே வேணாம்.

ஸ்டெப் 5: வெளிய போறதுக்கு முன்னாடி

அலமோ கோட்டைச் சண்டைல 1836ல செத்த ஜிம் போவி பேர்ல இருக்கற போவி கத்தியவே டெக்சஸ்ல 2017 வரைக்கும் வெளிய கட்டிட்டுப் போக முடியாது. ஹெச்பி 1935னு ஒரு சட்டம், 2017 செப்டம்பர் 1ல இருந்து மாறிடுச்சு. இப்ப பிளேடு அஞ்சரை இன்ச் வரைக்கும் இருக்கற கத்திக்குப் பெரிய தொந்தரவு இல்ல, ஆனா ஸ்கூல், கோர்ட் மாதிரி எடத்துக்கு அவங்க சொந்த ரூல் இருக்கும், அங்க எடுத்துட்டே போகாதீங்க. அஞ்சரைய தாண்டினா ஸ்கூல், ஓட்டுச்சாவடி, கோர்ட், ஆஸ்பத்திரி, பார், ஸ்போர்ட்ஸ் மேட்ச், வழிபாட்டு எடம் எதுக்குள்ளயும் கூடாது. பேர்லாண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போறப்ப ஆறு இன்ச் கத்தி இடுப்புல இருந்தா அதுவும் இதுல வரும், வீட்டுலயே வச்சுட்டுப் போங்க. ஃபெடரல் பில்டிங்ல ரெண்டரை இன்ச்சுக்குக் கம்மியான பாக்கெட் கத்தி மட்டும்தான் சட்டத்துல விலக்கு. நியூயார்க் சிட்டில நாலு இன்ச்தான் எல்லை, கலிஃபோர்னியால ஃபிக்ஸட் பிளேட (மடங்காத கத்திய) மறைச்சு வைக்கவே கூடாது, உறையோட வெளிய தெரியற மாதிரி மாட்டணும்.

கத்தி ஷோவுக்குப் போனா துப்பாக்கிப் பேச்சும் கூடவே வரும், அதனால இதையும் சொல்லிடறேன். 2021 செப்டம்பர் 1ல இருந்து ஹெச்பி 1927 படி, துப்பாக்கி வச்சிருக்கத் தடை இல்லாத 21 வயசானவங்க லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துட்டுப் போலாம், வெளிய தெரியுதுன்னா ஹோல்ஸ்டர்ல இருக்கணும். 51 சதவீதம்னு (வருமானத்துல பாதிக்கு மேல மதுவுல இருந்துன்னு அர்த்தம்) செகப்பா போர்டு மாட்டின பாருக்குள்ள கூடாது. ஆனா எச்1பி மாதிரி விசால வந்த நம்மாளுங்களுக்கு இது அப்படியே பொருந்தாது! ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இல்லாம அவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதே ஃபெடரல் குற்றம், டெக்சஸ் சட்டம் என்ன சொன்னாலும் சரி. ஃப்ரெண்டு "சும்மா கைல புடிச்சுப் பாரு"ன்னு நீட்டினாலும் வேணாம்னு சொல்லிடுங்க, விசாவே போயிடும் அளவுக்கு விஷயம் இது. கத்திக்கு அந்த விசாத் தடை கெடயாது.

ஃப்ளைட்ல போறதா இருந்தா கேபின் பேக்ல எந்த சைஸும் ஆகாது, செக்-இன்ல போடலாம். உறைல போட்டு, மேல துணி சுத்தி, டேப் ஒட்டிடுங்க, பேக்கத் தெறந்து பாக்கறவங்க கைய அது கிழிச்சுடக்கூடாது.