பழைய லாரியில் ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறதா? பம்பை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

சிங்கப்பூரில் சரக்கு வாகனங்களுக்குச் சட்டப்படி 20 ஆண்டு வரை ஆயுள் உண்டு. முதல் 10 ஆண்டு சிஓஇ (வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) முடிந்ததும் அதைப் புதுப்பித்து ஓட்டும் முதலாளிகள் நிறையப் பேர். அதனால் காக்கி புக்கிட் பக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் வயதான இசுசு, ஹினோ, ஃபூசோ கேன்டர் லாரிகளை எப்போதும் பார்க்கலாம். இந்த வண்டிகளில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலே "பம்ப் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காசு செலவழித்துப் பம்பை மாற்றிய பிறகும் விளக்கு எரிந்தால், சம்பின் (எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் கசடு கிடக்கிறதா என்று அப்புறம்தான் பார்க்கிறார்கள். அதை முதலிலேயே பார்த்திருக்கலாம்.

கெட்டுப்போன ஆயில், புகைக்கரி, ஈரம், சரியாக எரியாத டீசல் எல்லாம் சேர்ந்து களி மாதிரி கெட்டியாவதுதான் கசடு. இந்த ஊர் ஓட்டம் அதற்கு நன்றாகவே இடம் கொடுக்கிறது. எஞ்சின் முழுதாகச் சூடாகும் முன்பே அடுத்த டெலிவரி இடம் வந்துவிடும். அங்கே ஏர்கானுக்காக எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பார்கள். நின்ற வண்டியில் அப்படி ஓடவிடுவது சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. அப்போது கிலோமீட்டர் ஏறாது, எஞ்சின் ஓடிய மணிநேரம் மட்டும் ஏறும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றுகிறவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. விளக்கு எரிந்து, எஞ்சின் அடியிலிருந்து கனமான தட்டல் சத்தமும் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப் பக்கத்தில்தானே என்று ஓட்டிப் போகாதீர்கள். பேரிங் தேய்ந்து, அது தாங்கும் கிராங்க் ஷாஃப்டை (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு) கீறிவிட்டால் செலவு பல மடங்காகும். வண்டியை வேறு வண்டியால் இழுத்தே கொண்டுபோங்கள்.

படி 1: டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி)

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். டீசல் எஞ்சின் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்புதான், பயப்பட வேண்டாம். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) கலந்திருக்கலாம். அளவு தானாக ஏறி, டீசல் வாடையும் அடித்தால் எரிபொருள் உள்ளே இறங்குகிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதற்குள் பிரஷரை அளந்து பயனில்லை.

படி 2: ஆயில் ஊற்றும் மூடி

கேபினைச் சாய்க்கும் வண்டி என்றால் தாங்கு கம்பி சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று பார்த்த பிறகே உள்ளே கை விடுங்கள். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே மெல்லிய பழுப்புப் படலம் மட்டும் இருந்தால் கவலை இல்லை. ராக்கர் (வால்வுகளை அழுத்தித் திறக்கும் கைகள்) மேல் கறுப்புக் களி ஒட்டியிருந்தால், விரலால் வழிக்கும் அளவுக்கு இருந்தால், சம்பிலும் அதுதான் இருக்கும். அப்படியே பிரீதர் குழாயையும் (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) கழற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் ஈரம் தங்கி, கசடு இன்னும் வேகமாகச் சேரும்.

படி 3: கேஜ் (பிரஷர் அளக்கும் கருவி) மாட்டி அளப்பது

இந்தப் படியை மட்டும் யார் சொன்னாலும் தவிர்க்காதீர்கள். டேஷ்போர்டு விளக்கு வெறும் சுவிட்ச். பல எஞ்சின்களில் பிரஷர் அரை பார் அல்லது அதற்கும் கீழே இறங்கினால்தான் அது எரியும். அது எரியாத வரை எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சுவிட்சோ வயரோ கெட்டுப்போய், நல்ல பிரஷர் இருக்கும்போதே எரிவதும் உண்டு.

எஞ்சின் ஆறியதும் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் கேஜை மாட்டுங்கள். ஜப்பான் எஞ்சின்களில் மரை பெரும்பாலும் 1/8 அங்குல பி.டி. (PT) வகை. அமெரிக்க மரை கேஜ் அதில் ஏறுவது மாதிரி இருக்கும், ஆனால் சரியாகப் பொருந்தாது. பலமாகத் திருகினால் எஞ்சின் பிளாக் மரையே கெட்டுவிடும், சரியான அடாப்டரை வாங்கிக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் ஒருமுறை, நன்றாகச் சூடான பின் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஒருமுறை, அப்புறம் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் சில நிமிடம் வைத்து ஒருமுறை என்று அளந்து எழுதி வையுங்கள். பழைய டீசல்களில் பொதுவாகச் சூடான ஐடிலில் 1 பார் (சுமார் 14.5 பி.எஸ்.ஐ.), 2,000 சுற்றுக்கு மேல் 2.5 முதல் 4 பார் வரை எதிர்பார்க்கலாம். உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

படி 4: முள் என்ன சொல்கிறது

பிரஷர் நன்றாக இருந்தும் விளக்கு எரிந்தால் சுவிட்ச் அல்லது வயரில் கோளாறு. குளிரில் நன்றாக இருந்து சூடான ஐடிலில் இறங்கி, சுற்றைக் கூட்டினால் ஏறினால் பேரிங் அல்லது பம்ப் தேய்மானத்தை, அல்லது ஆயில் நீர்த்துப்போயிருப்பதைச் சந்தேகப்படலாம். எந்நேரமும் குறைவாகவே இருந்தால் ரிலீஃப் வால்வு (அதிகப் பிரஷரை வெளியேற்றும் வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கலாம், கசடின் துகள் ஒன்றே அதற்குப் போதும்.

கசடின் கையெழுத்து வேறு. ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் சரியாக இருக்கும். சுற்றைக் கூட்டிச் சில நிமிடம் ஓட்டினால் முள் மெல்ல இறங்கும். அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழையபடி ஏறிவிடும். பம்ப் உறிஞ்சும் வேகத்தில் கசடு பிக்கப் குழாயின் (சம்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாய்) சல்லடையை மூடுகிறது, நின்றதும் விலகிவிடுகிறது, அவ்வளவுதான். முள் துடித்துத் துடித்து ஆடினால் பம்ப் காற்றை இழுக்கிறது. ஆயில் அளவையும் பிக்கப் குழாயின் ஓ-ரிங்கையும் பாருங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. கேஜ் காட்டுவது சுவிட்ச் இருந்த இடத்துப் பிரஷர் மட்டும்தான். மேலே ராக்கருக்குப் போகும் வழி அடைத்திருந்தால் முள் நன்றாகவே நிற்கும், ராக்கர் மட்டும் காயும். நல்ல பிரஷரோடு மேலிருந்து டிக்டிக் சத்தம் வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

படி 5: ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது

பழைய ஃபில்டரை எறியாமல் வெட்டி, மடிப்புகளை விரித்துக் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டுவது இரும்பு. ஒட்டாத மங்கலான வெள்ளித் துகளும் செம்பு நிறத் துகளும் பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம். உலோகம் இருந்தால் சம்பைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும். கறுப்புக் களி மட்டும் என்றால் நல்ல செய்தி.

படி 6: சுத்தம்

கசடு நிறைந்த பழைய எஞ்சினில் ஃப்ளஷ் (கசடைக் கரைக்கும் திரவம்) ஊற்றவே கூடாது என்பது என் கருத்து. கெட்டியாக ஒட்டியிருந்த கட்டிகள் ஒரே நேரத்தில் பெயர்ந்து நேராகச் சல்லடைக்குத்தான் போகும். சம்பைக் கழற்றி, சல்லடையையும் அடித்தட்டையும் கையால் சுத்தம் செய்யுங்கள். புது சிலிகான் கேஸ்கெட்டை அளவோடு பூசுங்கள், உள்பக்கம் பிதுங்கும் துணுக்கும் சல்லடையை அடைக்கும். பிறகு மேனுவல் சொல்லும் தரத்தில் டீசல் எஞ்சின் ஆயில் ஊற்றி, முதல் ஆயில் மாற்றத்தை 1,000 கிலோமீட்டரிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபில்டரும் மாற வேண்டும். பிரஷரை உயர்த்திக் காட்ட கெட்டி ஆயிலோ அடிட்டிவோ ஊற்றாதீர்கள், நோய் அப்படியேதான் இருக்கும்.

வடித்த ஆயிலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், மழைநீரோடு அது நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேரும். உரிமம் பெற்ற கழிவு எண்ணெய் சேகரிப்பாளரிடம் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். அந்த 1,000 கிலோமீட்டர் ஆயில் மாற்றத்தின்போது கேஜை மறுபடி மாட்டி, முன்பு எழுதி வைத்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.