புயலோ வெள்ளமோ வந்துபோன வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இளம்பிள்ளைகள் கொஞ்சப் பேர் கேட்டார்கள்: "அக்கா, இனி ஒரு வெள்ளமோ புயலோ வந்தால் நாங்கள் எப்படிப் போகணும், என்ன பேசணும்னு எழுதித் தாங்க." சரி என்று உட்கார்ந்தேன். நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். 2004 சுனாமிக்குக் குமரிக் கடற்கரையில் உள்ள கொட்டில்பாட்டுக்குப் போனேன். 2017 ஒக்கி புயலுக்குத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்கள், 2023 டிசம்பர் வெள்ளத்துக்குத் தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரல். வேதசாஸ்திரம் படித்தவள் இல்லை. செய்த தப்புகள்தான் எனக்குப் பாடம்.

பெரிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் கொட்டில்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஒரே இடத்தில் 199 பேர். ஒரு வீட்டில், வீடு என்றால் மூன்று சுவர்தான், ஆறு வயது மகளைப் பறிகொடுத்த தாய் உட்கார்ந்திருந்தார். எனக்கு மௌனம் தாங்கவில்லை. வாயைத் திறந்தேன். "ஆண்டவர் தம்முடைய தோட்டத்துக்கு நல்ல பூவாப் பார்த்துப் பறிச்சுக்கிட்டார்மா" என்றேன். எத்தனையோ துக்க வீட்டில் கேட்டுக் கேட்டு வாயில் ஊறிப்போன பேச்சு. அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நிமிர்ந்து பார்த்து, "சிஸ்டரே, உங்க வீட்டுத் தோட்டத்துல அவருக்குப் பூ ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். என் மகனுக்கும் அப்போது ஆறு வயது.

ஆகவே முதல் விஷயம்: காரணம் சொல்லாதீர்கள். "தேவ சித்தம்", "இதிலும் ஒரு நன்மை இருக்கும்", "அவர் தாங்கக்கூடிய சோதனையைத்தான் தருவார்", "உங்களைவிட மோசமாக அடிபட்டவர்கள் இருக்கிறார்கள்" எல்லாம் ஒரே பெட்டியில் உள்ள சாமான். வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். அந்த ஊரில் பாவம் மிஞ்சிவிட்டது, அதனால்தான் கடல் பொங்கியது என்று பிரசங்கம் செய்கிற ஆட்களும் வருவார்கள், அதுவும் இரண்டாம் நாளே. அவர்களுக்குப் பதில் வேதத்திலேயே இருக்கிறது. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் அதிகப் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, இல்லை என்று தாமே சொல்லிவிடுகிறார். சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் பூமி பிளந்து நகர்ந்தது, அதனால் தண்ணீர் எழும்பியது. கொட்டில்பாட்டுப் பிள்ளையின் கணக்கு எதுவும் அதில் இல்லை.

வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்களை நாம் ரொம்பத் திட்டுகிறோம். ஆனால் அவர்கள் செய்த ஒரு காரியம் நல்ல காரியம். ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் யாருக்கு விரோதமாக மூளுகிறது என்று பாருங்கள். முறையிட்ட யோபுமேல் அல்ல, தேவனுக்காக வக்காலத்து வாங்கியவர்கள்மேல்.

அற்புதம் பேசுவதிலும் கவனம் வேண்டும். வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை என்று அந்த நாட்களில் எல்லோரும் சொன்னார்கள். உள்ளே இருந்தவர்கள் அதற்கு நன்றி சொல்லட்டும், நியாயம்தான். ஆனால் அதே காலையில் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் செத்துப்போனார்கள். அவர்களும் ஜெபம் பண்ணத்தான் வந்தவர்கள். தப்பியவருடைய சாட்சியைத் தப்பாதவருடைய வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள்.

அப்போ என்னதான் செய்வது? கையால் செய்யக்கூடியதைச் செய்யுங்கள்.

கிளம்பும் முன் அந்த ஊர் ஆள் ஒருவரிடம் போனில் பேசுங்கள். கடற்கரை ஊர் என்றால் அன்பியப் பொறுப்பாளர் (அன்பியம் என்பது கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு), மற்ற இடங்களில் அங்கன்வாடி டீச்சர். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அதை மட்டும் வாங்குங்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பழைய துணி சாலையோரம் மலைமலையாகக் கிடந்தது. மூட்டை மூட்டையாக அனுப்பினவர்கள் யாரும் அங்கே உள்ளவர்களைக் கேட்டு அனுப்பவில்லை. பெண்கள் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்: நைட்டி, உள்ளாடை, நாப்கின். எல்லாம் புதிதாக இருக்கட்டும். வாளி, கப், டார்ச், கொசுவலை, பாய். பணம் கொடுக்க முடிந்தால் அதுதான் உத்தமம். கவரில் போட்டு, கேமரா இல்லாமல் கொடுங்கள். உங்கள் சாப்பாடும் தண்ணீரும் உங்கள் பையில் இருக்க வேண்டும். துக்க வீட்டுக்காரர் உங்களுக்குச் சாயா போடும்படி ஆக்கிவிடாதீர்கள்.

வெள்ள வீட்டுக்கு ஒரு நர்ஸாகச் சில வார்த்தை. மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். பாம்பு இருக்கும், குச்சியால் தட்டிப் பார்த்துப் போங்கள். ரப்பர் பூட்ஸ் போடுங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். முன்கூட்டியே மாத்திரை எடுக்கணுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். திரும்பி வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் அடித்தால், வெள்ளத்தில் நின்றேன் என்பதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். சேற்றைக் காய்வதற்கு முன் வழித்துவிட வேண்டும். காய்ந்தால் சிமென்ட்தான்.

ஏரலில் தாமிரபரணி வடிந்த பிறகு ஒரு பாட்டி வீட்டைக் கழுவினோம். கட்டில், பீரோ, அரிசி எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு வேதபுத்தகம் வந்தது, செங்கல் மாதிரி ஊறி. முன்பக்கத்தில் அவர் மாமனார் கையெழுத்தில் கல்யாணத் தேதி, பிள்ளைகள் பிறந்த நாள், ஞானஸ்நானம் எல்லாம். பாட்டி அதைத் திறக்கப் போனார். நான் கையைப் பிடித்துவிட்டேன். ஊறின தாளைப் பிரித்தால் கிழியும். வெளிப்புறச் சேற்றை மட்டும் துடைத்து, நிறுத்திவைத்து, பக்கங்கள் தானாகக் கொஞ்சம் விரியும்படி விட்டு, நிழலில் காற்று படும்படி வையுங்கள். வெயிலில் வைத்தால் சுருண்டுபோகும். பாதி காய்ந்ததும் இடையிடையே எழுதாத வெள்ளைத் தாள் வைத்து மாற்றிக்கொண்டே வரணும். போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் முன் நல்ல தண்ணீரில் அலசி, படம் மேலே பார்க்கும்படி தனித்தனியாகப் பரப்புங்கள், தேய்க்காதீர்கள். பாட்டியின் புத்தகம் காய நாலைந்து நாள் ஆயிற்று. மை கலங்கியிருந்தது, ஆனால் தேதிகள் தெரிந்தன. அன்றைக்கு நாங்கள் ஆராதனை எதுவும் நடத்தவில்லை. எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

ஜெபத்தைப் பற்றி இனி. "ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்; முகம் சுண்டாதீர்கள். சரி என்றால் இரண்டு நிமிஷம் போதும். எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் சொல்லிப் பழகிய நமக்கு முறையிடத் தெரியாமல் போய்விட்டது. சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், எவ்வளவு முறையீடு! பதின்மூன்றாம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல். படகு முழுகப் போகும்போது சீஷர்கள் இயேசுவை எழுப்பி என்ன கேட்டார்கள்? "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" அதற்காக அவர்களை அவர் படகிலிருந்து இறக்கிவிடவில்லை.

இதை நான் விளங்கிக்கொண்டது ஒக்கிக்குப் பிறகு. 2017 நவம்பர் 30ஆம் தேதி புயல் வந்தபோது தூத்தூர் பக்கத்து ஊர்களின் ஆழ்கடல் போட்டுகள் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்யப் போய் வெகுதூரத்தில் இருந்தன. ஒரு வீட்டில் மனைவி கணவருடைய நம்பரை அழுத்துவார், காதில் வைப்பார், வைத்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். வாசலில் அவருடைய செருப்பு இருந்தது. யாரையும் அதை நகர்த்த விடவில்லை. "போட் எங்கேயாவது ஒதுங்கியிருக்கும் அக்கா" என்றார். அது வெறும் ஆசை என்றும் சொல்ல முடியாது. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரா, குஜராத் கரையிலும் நிறையப் போட்டுகள் உண்மையிலேயே ஒதுங்கின. "வந்துடுவார்" என்று நாம் சொன்னால் பொய், "மனசைத் தேத்திக்கோ" என்றால் கொலை. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டும் நேரத்தில் அவரே ஏதாவது வாசிக்கச் சொன்னார். நாற்பத்திரண்டாம் சங்கீதத்தில் "உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது" என்ற வரி வரைக்கும் வாசித்தேன். "இத எழுதினவரு கடல்ல போனவரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். (அவர்கள் கத்தோலிக்கர்கள், ஆண்டவர், செபம் என்பார்கள். நாம் கர்த்தர், ஜெபம் என்போம். துக்க வீட்டில் அவர்கள் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், நாக்கு தேய்ந்துபோகாது.)

உடல் கிடைக்காத வீட்டில் நினைவு வழிபாடு எப்போது என்று நாம் நாள் குறிக்கக் கூடாது. குடும்பம் கேட்கும்வரை காத்திருங்கள். ஒரே வீட்டில் மாமியார் திருப்பலி வேண்டும் என்பார், மருமகள் மாட்டேன் என்பார். இருவரில் ஒருவர் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள்.

அப்புறம் கோபம். அந்த டிசம்பரில் தேடுதல் போதாது என்று ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தன. கத்தோலிக்கக் குருக்களும் கூட உட்கார்ந்தார்கள். இது அரசியல், நமக்கு எதற்கு என்று எங்கள் பக்கம் சிலர் சொன்னார்கள். புயல் கடலில் பிறக்கிறது. எச்சரிக்கை போட்டுக்கு எட்டாதது கடலின் வேலை இல்லையே. கேட்க வேண்டியதைக் கேட்கிறவர்களோடு உட்காருவதும் ஊழியம்தான். தண்டவாளத்துக்குப் போக முடியாதவர்கள் காகித வேலை செய்யலாம். காணாமல் போனவர் செத்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ள ஏழு வருஷம் ஆக வேண்டும். ஒக்கிக்கு அதைத் தளர்த்தி, தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தப் பணம் கைக்கு வரும்வரை எத்தனை காகிதம்! ரேஷன் கார்டு, ஆதார், மீனவர் நல வாரிய அட்டை, காவல் நிலையப் புகார் நகல், கரை ஒதுங்கிய உடல்களோடு ஒப்பிட டிஎன்ஏ மாதிரி. ஒரு ஃபைல் வாங்கி, எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து, அவரோடு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். ஒரு அலுவலகத்தில் அந்தப் பெண்ணிடம், "செத்தாரா காணோமா, ஒண்ணு தெளிவாச் சொல்லும்மா" என்று கேட்டார்கள். பக்கத்தில் ஆள் இருந்ததால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அரிசிப் பைக்குள் துண்டுப்பிரதி வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பசியோடு இருப்பவர் கையில் சாப்பாட்டோடு மதத்தையும் திணிப்பது சுவிசேஷம் இல்லை, பேரம். நல்ல சமாரியன் அடிபட்டவனிடம் நீ எந்தச் சபை என்று கேட்கவில்லை. 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டபோது புதுக்குடி ஊர்க்காரர்கள் பயணிகளைக் கோயிலில் தங்கவைத்துச் சமைத்துப் போட்டார்கள். பாதி ஊர் தண்ணீரில் நிற்கும்போது! நாம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அது.

நீங்களும் தூங்குங்கள், சாப்பிடுங்கள். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மூன்று நாளைக்கு மேல் ஒரே ஆள் நிற்க வேண்டாம், முறை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, திரும்பிப் போங்கள். முதல் வாரம் வேன் நிற்க இடம் இருக்காது, இரண்டாம் மாதம் ஒரு சைக்கிள்கூட வராது. பள்ளிக்கூடம் திறக்கும் நாள், செத்தவரின் பிறந்த நாள், வருஷ நினைவு, இதையெல்லாம் காலண்டரில் குறித்து வையுங்கள். போனால் செத்துப்போன பிள்ளையின் பேரைச் சொல்லிப் பேசுங்கள். நினைவுபடுத்திவிடுவோமோ என்று நாம்தான் பயப்படுகிறோம், அவர்கள் என்றைக்கு மறந்தார்கள்?

கொட்டில்பாட்டுக்கு நான் டிசம்பர் 26 தோறும் போகிறேன். முதல் வருஷம் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு வாய்ல வந்தத நானும் சொன்னேன், விடுங்க" என்றார். 2024இல் இருபதாவது நினைவு நாள். கல்லறையில் பூ வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனோம். மரச்சீனியும் மீன்கறியும் வைத்திருந்தார். என் மகன் கல்யாணம் எப்போது என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றும் சட்டென்று பதில் வராது. அவரே தொடர்ந்தார்: "இவளுக்கும் இப்போ இருபத்தாறு." ஆமாம், இருபத்தாறு என்றேன். மீன்கறியை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.