சுருக்கிய லாக் கோப்பைப் பிரிக்காமலே தேட

ஜீஜிப் என்ற சுருக்கும் கருவியால் சுருக்கிய பழைய லாக் கோப்புகளில் (கணினி தன்னில் நடப்பதைப் பதிந்துவைக்கும் கோப்புகளில்) ஒரு வார்த்தையைத் தேட, அவற்றைப் பிரித்துப் போட வேண்டியதில்லை. கோப்பில் வார்த்தை தேடும் லினக்ஸ் கட்டளையான கிரெப்புக்கு முன்னால் 'இசட்' சேர்த்து இசட்கிரெப் என்று கொடுங்கள், போதும்.

சாதாரண கிரெப், சுருக்கிய பைட்டுகளை அப்படியே படிக்கிறது. அதில் உங்கள் வார்த்தை இருக்காது. பிழைச் செய்தியும் வராது. 'அன்றைக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை போல' என்று ஏமாந்துபோவது இங்கேதான். இசட்கிரெப் கோப்பைப் பிரித்துக்கொண்டே பைப் வழியாகக் கிரெப்புக்கு அனுப்புகிறது, டிஸ்க்கில் இடம் பிடிக்காது. சுருக்காத கோப்பையும் அது படிக்கும் என்பதால், சிஸ்லாக் என்ற லாக் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் இன்றைய லாக், பழைய லாக் எல்லாம் ஒரே தடவையில் முடிந்தது.

ஆனால் உள் கோப்புறைகளுக்குள் இறங்கித் தேடும் 'ஆர்' ஆப்ஷனை இது ஏற்காது. கோப்புகளைத் தேடிக் கொடுக்கும் ஃபைண்ட் கட்டளையோடு சேர்த்து ஓட்டுங்கள். அப்போது பெரிய 'எச்' ஆப்ஷனையும் கொடுங்கள், இல்லையென்றால் எந்தக் கோப்பில் கிடைத்தது என்று தெரியாது. வேறு வகையில் சுருக்கியிருந்தால், பிஜிப்2 கோப்புக்கு பிஇசட்கிரெப், எக்ஸ்இசட் கோப்புக்கு எக்ஸ்இசட்கிரெப். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் மூட்டையாக இருந்தால் இது சரிவராது, டார் கட்டளையால் பிரித்துத்தான் தேட வேண்டும். அப்புறம், ஒரே பெரிய கோப்பில் பத்துத் தடவை தேடப் போகிறீர்கள் என்றால் ஒருமுறை பிரித்து வைத்துக்கொள்வதே வேகம்.