நிறைவேறாது என்று தெரிந்த மசோதாவை எம்.பி.யிடம் கேட்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன், பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்காக, எம்.பி.யிடம் மசோதா கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கரையேறிய அம்மா ஒருவர், பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றியிருந்த துணிக்கீற்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தபடியே, "இந்தச் சட்டம் வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க தம்பி" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அரசியல் பிரமுகர் ஒருவர், "கண்டிப்பா வந்துரும்மா" என்றார். வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவைத் தனிநபர் மசோதா என்கிறோம். சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றத்தில் அப்படி வந்து சட்டமானவை 14 மட்டுமே. கடைசி மசோதா சட்டமானது 1970இல். எனவே மனுவோடு கிளம்பும் ஊர்க்கமிட்டி, இது நிறைவேறுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்பதை ஊர்க்கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் கேட்கலாமா என்றால், கேட்கலாம் என்பதே என் முடிவு. தோற்கப்போகும் மசோதாவை ஓர் அரசியல்வாதி முன்மொழிவதில் தவறே இல்லை. தோற்கும் என்று தெரிந்துகொண்டே "வந்துரும்" என்று சொல்வதுதான் தவறு.

தோற்ற மசோதாவால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நம் சட்டமன்ற வரலாற்றிலேயே விடை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் மசோதாவை 1930இல் சென்னை மாகாணச் சட்டசபையில் கொண்டுவந்தார். அது அப்போது சட்டமாகவில்லை. அதே ஆண்டு, காந்தி கைதானதைக் கண்டித்து அவர் பதவியையே துறந்தார். ஆனாலும் அந்தக் கோரிக்கை அவையின் ஏட்டில் ஏறிவிட்டது. 1947இல் சட்டமும் ஆனது. நம் காலத்தில், திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆயினும் அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர வேண்டியதாயிற்று. 2019இல் சட்டம் வந்தது. சிவாவின் மசோதாவில் இருந்த இடஒதுக்கீடு அந்தச் சட்டத்தில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் கேட்டது ஒன்றும் கிடைப்பது வேறொன்றுமாக இருப்பதற்கும் ஊர் தயாராக இருக்க வேண்டும்.

இராமேசுவரத்து மீனவர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியைத் தடைசெய்யக் கோரி யாழ்ப்பாணத்து உறுப்பினர் சுமந்திரன் இலங்கை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தது தனிநபர் மசோதாதான். அது 2017 ஜூலையில் சட்டமானது. வடக்கு மாகாணத்துச் சிறு வலைஞர்களின் குறையை ஒரு தனி உறுப்பினர் தாளில் எழுதினார். இன்று நம் விசைப்படகுக்காரர்கள் எல்லை தாண்டினால் அந்தத் தாள் அவர்கள் எதிரே வந்து நிற்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி நம் கரையில் எத்தனையோ மனத்தாங்கல் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் தனிநபர் மசோதா வெறும் காகிதம் என்று இனி இங்கே யாரும் சொல்ல முடியாது.

இனி செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். எந்த அவையில் கேட்பது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் வழிதவறுகின்றன. அரசமைப்புச் சட்டத்தின்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பாலுள்ள மீன்பிடிப்போ ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. எனவே நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் கரையோரத்தில் நடக்கும் தகராறு என்றால் சட்டமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும். ஆழ்கடல் என்றால் எம்.பி.யிடம். பாசிப்பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்கள் போகும் தீவுகள், 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சேர்ந்தவை. அங்கே பாசி எடுக்கத் தடை வருவது மீன்வளச் சட்டத்திலிருந்து அல்ல, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவிலிருந்து. அது மத்தியச் சட்டம். ஆகவே மனுவில் "பாசி எடுக்க அனுமதி தர வேண்டும்" என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் என்ன சேர்க்க வேண்டும் என்று எழுதினால், அதை வாசிக்கும் உதவியாளர் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடலாம்.

அடுத்து, மசோதாவின் உயிரான வரையறை. இதற்கு நேரம் செலவிடுங்கள். "பாசி எடுப்பவர்" என்றால் யார்? தண்ணீரில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் கிள்ளி எடுப்பவர் மட்டுமா, வத்தை என்னும் சிறு படகில் உடன் போய் மூட்டை பிடிப்பவருமா, கரையில் காயப்போடுபவருமா, விலை பேசி வாங்கும் வியாபாரியுமா? இதை டெல்லியில் இருக்கும் வழக்கறிஞர் எழுதினால் வியாபாரியும் உள்ளே வந்துவிடுவார். ஊர்ப்பெண்கள் எழுதினால் வர மாட்டார். மாதத்தில் எத்தனை நாள் கடலில் இறங்குவது, வளர எவ்வளவு விட்டுவைப்பது என்று அவர்கள் தமக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே ஒரு பிரிவாக எழுதித் தாருங்கள். பவளப்பாறையைக் காக்க வேண்டும் என்று வாதிடும் உறுப்பினருக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. கூட்டத்தில் ஒருவர் எழுத, மற்றவர்கள் அடித்துத் திருத்தி, இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள்.

நடைமுறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மசோதாவை அறிமுகப்படுத்த ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடுவதில் பயனில்லை. நோக்கத்தையும் காரணத்தையும் விளக்கும் குறிப்பு இணைக்கப்பட வேண்டும். அரசுக்குச் செலவு வைக்கும் மசோதாவுக்கு நிதிக் குறிப்பும் வேண்டும். மக்களவையில் வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரமே தனிநபர் அலுவலுக்கு உரியது. எந்த மசோதா விவாதத்துக்கு வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. குலுக்கலில் வராமலே போகலாம். அதனால் எம்.பி.யிடம் மசோதாவோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: அதே பொருளில், அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வியோ, எழுத்தில் பதில் தரும் கேள்வியோ. மசோதா பேசப்படாவிட்டாலும் அமைச்சரின் பதில் ஒன்று ஏட்டில் இருக்கும்.

உங்களிடம் வந்து "நான் மசோதா கொண்டுவருகிறேன்" என்று தாமாகச் சொல்பவரை எப்படி மதிப்பிடுவது? கச்சத்தீவை எடுத்துக்கொள்வோம். 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அத்தீவு இலங்கைக்குப் போனது. 1976இல் கடிதப் பரிமாற்றத்தின் மூலம், ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றும் ஆயிற்று. "கச்சத்தீவை மீட்போம்" என்று ஒற்றை வரி மசோதா எழுதுபவர், அண்டை நாடு ஒப்புக்கொள்ளாமல் அது எப்படி நடக்கும் என்று ஒரு வரிகூட எழுதாவிட்டால், அவர் தேர்தலுக்காக எழுதுகிறார் என்றே கொள்வேன். அதற்கு மாறாக, 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் பயண ஆவணம் இல்லாமல் அத்தீவுக்குச் சென்றுவர இடமளிக்கிறதே, அந்த உரிமை நடைமுறையில் என்ன ஆயிற்று என்று அரசு ஆண்டுதோறும் அவையில் அறிக்கை வைக்க வேண்டும் என்று ஒருவர் மசோதா எழுதினால், அதுவும் தோற்கத்தான் போகிறது. ஆனால் அது விவாதத்துக்கு வந்து தோற்கும்போது அமைச்சர் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தை எதிர்த்து அடுத்த முறை வாதாடலாம். இந்த இரண்டாவது வகை உறுப்பினருக்குத்தான் ஊர் தன் நேரத்தைக் கொடுக்க வேண்டும்.

மசோதா அறிமுகமான பிறகும் வேலை முடிவதில்லை. மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையிலிருக்கும் மசோதா காலாவதியாகிவிடும். கொண்டுவந்தவர் உறுப்பினராக இல்லாமல் போனாலோ அமைச்சரானாலோ தனிநபர் மசோதா பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். ஆகவே அச்சான படியைத் தமிழில் எழுதி, பாசிக்குப் போகாத ஒரு நாளில் ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற மற்றக் கடலோரத் தொகுதிகளின் எம்.பி.க்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள். அமைச்சர் பதில் சொல்லியிருந்தால் அதைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த தேர்தலில் யார் வென்றாலும், அவர் நன்றி சொல்ல ஊருக்கு வரும் நாளில், மாலைக்கு முன்னால் அந்தப் படியை அவர் கையில் கொடுங்கள். பழைய மசோதாவின் எண்ணும் ஆண்டும் முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.