வெளிநாட்டு அநாதை இல்லத்துக்கு வாலண்டியரா போறீங்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெண்டு வாரம் லீவு கிடைக்குது, நேபாளமோ கம்போடியாவோ போய் ஒரு அநாதை இல்லத்துல சின்னக் குழந்தைங்களோட இருந்துட்டு வரலாமான்னு நிறைய பேரு கேக்குறாங்க. நானும் ஒரு தடவை காத்மாண்டுக்கு அப்படிப் போனவதான், அதனால கேக்குறவங்க மனசு எனக்கு நல்லாவே புரியும். ஆனா நான் பண்ணின தப்பை நீங்களும் பண்ணக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

மொதல்ல, இல்லத்துல இருக்கிற குழந்தைங்க எல்லாருமே அப்பா அம்மா இல்லாதவங்கன்னு நம்பிடாதீங்க. உலகம் முழுக்க இல்லங்கள்ல வளர்ற குழந்தைங்கள்ல 100க்கு சுமார் 80 பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்கன்னு குழந்தைங்களுக்காக வேலை செய்யுற லூமோஸ் மாதிரி அமைப்புங்க சொல்லுது. கம்போடியால 2005லேர்ந்து 2010க்குள்ள இல்லங்களோட எண்ணிக்கை 75 சதவீதம் ஏறிடுச்சு, அதுக்குக் காரணம் அநாதைக் குழந்தைங்க கூடினது இல்ல, வெளிநாட்டுலேர்ந்து வர்ற ஆளுங்களும் அவங்க பணமும் கூடினதுதான். நேபாளத்துலயும் பெரும்பாலான இல்லங்க டூரிஸ்ட் போற அஞ்சு மாவட்டத்துலதான் இருந்துச்சு. புரோக்கர் மலைக்கிராமத்துக்குப் போய் பிள்ளையை நல்ல ஸ்கூல்ல சேத்து விடுறோம்னு சொல்லி, பெத்தவங்ககிட்ட காசும் வாங்கிட்டு கூட்டிட்டு வர்றான், இங்க வந்ததும் பேப்பர்ல அநாதைன்னு எழுதிடுறாங்க. நாம கட்டுற ஃபீஸ் இருக்கே, அதுதான் இந்த வண்டிக்குப் பெட்ரோல். 2018ல ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டு வந்தப்போ இந்த மாதிரி குழந்தைக் கடத்தலையும் சேத்துதான் பேசினாங்க.

அடுத்த தப்புதான் எனக்கு ரொம்ப வலிச்சது. நான் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு இருக்கும்போதே மூணு வயசு இருக்கும், ஒரு பொண்ணு தீதி தீதின்னு (அவங்க பாஷைல அக்கா) ஓடி வந்து என் காலைக் கட்டிக்கிச்சு, நான் யாரு என்னன்னு ஒண்ணும் தெரியாது, விடவே மாட்டேங்குது, எனக்கு அப்படியே உருகிடுச்சு. ரெண்டு வாரமும் என் மடியிலதான் கிடந்துச்சு. கிளம்புற அன்னிக்கு காலைல அடுத்த பேட்ச் வண்டில வந்து இறங்குறாங்க, நான் கண்ணைத் தொடச்சுக்கிட்டுத் திரும்பிப் பாக்குறேன், அது புதுசா வந்த ஒருத்தங்க காலைக் கட்டிக்கிட்டு நிக்குது. சரி, குழந்தை சீக்கிரம் மறந்துடும் போலன்னு அப்போ எனக்கு ஆறுதலாக்கூட இருந்துச்சு.

அது மறதி இல்ல. நிரந்தரமா பாத்துக்க ஒரு ஆள் இருக்கிற குழந்தை, புது ஆளைப் பாத்தா அம்மா முந்தானைக்குப் பின்னாடிதான் ஒளியும். பாக்குறவங்க எல்லார்கிட்டயும் தாவுற குழந்தை, யாரும் தங்க மாட்டாங்கன்னு கத்துக்கிட்ட குழந்தையா இருக்கலாம். ருமேனியால புக்கரெஸ்ட்ல 2000ல ஆரம்பிச்சு, இல்லங்கள்ல இருந்த 136 குழந்தைங்களை வருஷக்கணக்கா கவனிச்சுப் பாத்தாங்க, ரெண்டு வயசுக்கு முன்னாடியே ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளைங்க ஒட்டுதல்லயும் வளர்ச்சிலயும் இல்லத்துலயே இருந்த பிள்ளைங்களை விட எவ்வளவோ நல்லா தேறுச்சுங்க. மூணு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்களை குடும்பச் சூழல்லதான் வளக்கணும்னு ஐநா 2009லயே வழிகாட்டுதல் போட்டிருக்கு. அந்த வயசுக்கு வேண்டியது அன்பு காட்டுற 20 பேரு இல்ல, போகாத ஒரே ஒரு ஆள். நம்ம அன்பு நெஜம்தான், அதனாலதான் நாம கிளம்புறதும் அதுக்கு அவ்வளவு பெரிய இழப்பு.

பாடம் சொல்லிக் குடுத்தேன்னு ஒரு திருப்தி வரும் பாருங்க, அதையும் யோசிச்சுப் பாருங்க. நான் ஏ பி சி பாட்டு ஆரம்பிச்சேன், எல்லாம் மனப்பாடமா சேந்து பாடுச்சுங்க, ஏன்னா எனக்கு முன்னாடி வந்தவங்க எல்லாரும் அங்கேர்ந்தேதான் ஆரம்பிச்சிருக்காங்க, அதுக்கு மேல போக யாரும் இருக்கல. அந்த ஊர்லயே ஒரு டீச்சருக்கு சம்பளம் குடுத்து வச்சிருந்தா அதுங்க இந்நேரம் வாக்கியமே எழுதியிருக்கும்.

போலீஸ் சர்டிஃபிகேட் கேக்காம, ரெஃபரன்ஸ் கேக்காம, பணம் கட்டினதும் உள்ள விடுறாங்கன்னா அந்த இடத்துக்குப் போகாதீங்க. உங்களை இவ்வளவு ஈஸியா விடுறவங்க குழந்தைங்களைத் தேடியே வர்ற கெட்டவனையும் அப்படித்தான் விடுவாங்க. குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது, தனியா வெளிய கூட்டிட்டுப் போறது, இதெல்லாம் புது ஆள்கிட்ட குடுக்கவே கூடாத வேலை, குடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க. ஃபோட்டோ எடுத்து போடுறதும் வேணாம், நம்ம வீட்டுப் பிள்ளையை முன்பின் தெரியாத ஒருத்தர் அப்படிப் போட்டா சும்மா இருப்போமா? டூரிஸ்ட் விசால இந்த வேலை செய்யலாமான்னும் பாத்துக்கோங்க, பல நாட்டுல செய்யக் கூடாது.

உதவணும்னா வழி இல்லாம இல்ல. குழந்தையைக் குடும்பத்தோடவே வச்சிருக்க உதவுற அமைப்புங்க, வளர்ப்புக் குடும்பம் தேடித் தர்றவங்க, அம்மா வேலைக்குப் போற நேரத்துல பிள்ளையைப் பாத்துக்கிற டேகேர் நடத்துறவங்க இருக்காங்க, பணம் குடுக்கிறதா இருந்தா அங்க குடுங்க. நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், அக்கவுன்டன்ட்னு கைல ஒரு தொழில் இருக்கிறவங்க அங்க இருக்கிற ஸ்டாஃபுக்கு டிரெய்னிங் குடுக்கலாம், குழந்தையைத் தொடவே வேண்டாம்.

ஏற்கனவே போய் இறங்கிட்டேன், அங்கேர்ந்துதான் படிக்கிறேன்னா, திடுதிப்புனு காணாம மட்டும் போயிடாதீங்க. இத்தனை நாள்தான் இருப்பேன்னு மொத நாளே சொல்லுங்க, காலண்டர்ல வட்டம் போட்டுக் காட்டுங்க, குழந்தை அழுதா தூக்கி சமாதானம் பண்ண அங்க நிரந்தரமா இருக்கிற ஆயாம்மாகிட்ட குடுங்க. திரும்பி வருவேன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் சொன்னேன், இன்னும் போகல.