கோட்டோவியத்துக்கு மைப்பேனை: தெரிவும் பராமரிப்பும்

பேனை வாங்கப் போகுமுன் மையைத் தீர்மானியுங்கள். கோடு காய்ந்தபின் அதன்மேல் நீர்வண்ணம் பூசப்போகிறீர்களா? அப்படியானால் தண்ணீரில் கலையாத நிறமி மைதான் வேண்டும். ஊற்றுப் பேனைக்கென்று கடையில் கிடைக்கும் மை பெரும்பாலும் சாய மை. ஈரத் தூரிகை பட்டதும் நம் திருகோணமலைக் கோணேசர் மலையின் பாறைக்கோடு முழுவதும் வானத்துக்குள் ஓடிவிடும். நிறமி மை ஓடாது. ஆனால் பேனைக்குள் காய்ந்துவிட்டால் வெறும் தண்ணீருக்கு இளகவும் மாட்டாது. நிலைக்கும் மையை எடுப்பவர் பேனை கழுவும் வேலையையும் சேர்த்தே எடுக்கிறார்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நிறமி மை அடைத்த ஃபைன்லைனர், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் முனைப் பேனை, போதும். சக்குரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரோன் ஃபைன்லைனரில் 005 என்பது 0.20 மி.மீ. கோடு, 01 என்பது 0.25, 03 என்பது 0.35, 05 என்பது 0.45, 08 என்பது 0.50. இவற்றில் அடுத்தடுத்த அளவுகளுக்கிடையே வித்தியாசம் 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான், படத்தைச் சிறிதாக்கி அச்சிட்டால் கண்ணுக்கே தெரியாது. ஆகவே முழுப் பெட்டிக்குக் காசு கொடுக்காமல் 005, 03, 08 என்று மூன்றை வாங்குங்கள். பிரெட்ரிக் கோட்டை மதிலுக்கு 03, வாசல் வளைவின் இருட்டுக்கு 08, தூரத்துக் கடலில் நிற்கும் வள்ளங்களுக்கு 005.

கடையிலேயே சோதியுங்கள். நீங்கள் வரையும் கடதாசியில் ஒரு துண்டைக் கொண்டுபோய், ஒரு விரல் நீளக் கோட்டை மெதுவாக இழுங்கள். நடுவில் விட்டுவிட்டு வந்தாலோ சாம்பல் நிறமாக வந்தாலோ அது அலுமாரியில் காய்ந்த பேனை. கைத்தொலைபேசிக் கமராவைப் பெரிதாக்கி முனையையும் பாருங்கள்: சின்ன உலோகக் குழாய்க்கு வெளியே பிளாஸ்டிக் முனை கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே அமிழ்ந்திருந்தால் யாரோ அழுத்தி எழுதிப் பார்த்திருக்கிறார்கள், அது திரும்ப வெளியே வராது.

வரையும்போது ஃபைன்லைனரை நிமிர்த்திப் பிடித்து, பேனையின் பாரம் மட்டும் கடதாசியில் இறங்கவிடுங்கள். சாய்த்துப் பிடித்தால் குழாயின் விளிம்பு கடதாசியைச் சுரண்டி, அந்த நார் முனையில் அடைக்கும். தடித்த பென்சில் கோட்டின்மேல் நேரே மை போட்டாலும் இதே கதிதான், முதலில் ரப்பரால் ஒற்றி மங்கலாக்குங்கள். முனை தேய்ந்த பேனையை எறிய வேண்டாம், பாறைச் சொரசொரப்புக்குப் புள்ளிவைக்க அதைப்போல வேறொன்றில்லை.

தடித்தும் மெலிந்தும் வரும் உயிருள்ள கோடு வேண்டுமென்றால் தொட்டெழுதும் நிப்புக்குத்தான் போக வேண்டும். நிக்கோ ஜி என்ற நிப்பு கொஞ்சம் விறைப்பானது, பழகக் கை கொடுக்கும். கிலொட் 303 மிக மெல்லியது, கை தேர்ந்தபின் வாங்கலாம். புது நிப்பில் துருவைத் தடுக்க ஒரு எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அதில் மை முத்துமுத்தாய்த் திரண்டு ஒட்டாமல் விழும். பற்பசை தடவி மெதுவாகத் தேய்த்துக் கழுவித் துடைத்தால் சரி. நெருப்பில் காட்டுவோரும் உண்டு, அதிகம் சுட்டால் உருக்கின் விறைப்பே போய்விடும் என்பதால் பற்பசையே நல்லது.

நிப்பை நடுத்துளை மூடும் அளவுக்கு மட்டும் மையில் தோயுங்கள், பிடிக்குள் மை ஏறினால் அங்கேதான் துரு தொடங்கும். ஒரு கோடு இரண்டாகப் பிளந்து நடுவில் வெள்ளை தெரிந்தால் மை தீர்ந்திருக்கும், அல்லது கை அழுத்தம் கூடியிருக்கும், அல்லது மை தடித்திருக்கும். பத்து நிமிடத்துக்கொருமுறை ஈரச் சீலைத்துண்டால் துடையுங்கள்.

அரக்குக் கலந்த இந்திய மையை ஊற்றுப் பேனையில் ஒருபோதும் ஊற்றாதீர்கள், பேனை அதோடு முடிந்தது. ஊற்றுப் பேனைக்கென்றே செய்த நிறமி மை உண்டு, உதாரணம் பிளாட்டினம் கார்பன். அதை பிளாட்டினம் பிரெப்பி போல மூடிக்குள் காற்றடைப்பு உள்ள பேனையில் போட்டால் காய்வது குறையும்.

நம் ஊரில் இந்த மூடிப் பேச்சு சும்மா இல்லை. கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் திறந்த மைப்போத்தல் வரைந்து முடிக்குமுன்னே தடிக்கத் தொடங்கும். தேவையான மையை ஒரு சிறு மூடியில் ஊற்றி, போத்தலை இறுக்கி மூடுங்கள். மூடியிலுள்ள மை தடித்தால் ஒன்றிரண்டு துளி காய்ச்சி வடித்த தண்ணீர் விடலாம். வாகன பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் அதற்குப் போதும், அமிலம் கலந்த போத்தலை மாறி வாங்கிவிடாதீர்கள். கிணறு கடலுக்குக் கிட்ட இருந்து தண்ணீர் உவர்த்தால், பேனையைக் கழுவிய பிறகு கடைசி அலசலுக்கும் இதையே பாவியுங்கள்.

கழுவுவது இப்படி: நிறமி மை போட்ட ஊற்றுப் பேனையை இரண்டு மூன்று கிழமைக்கொருமுறை கழற்றி, பாமசியில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சால் சாதாரண தண்ணீரை உள்ளே தள்ளி, தெளிவாக வரும்வரை அலசுங்கள். சுடுதண்ணீர் பிளாஸ்டிக்கை நெளிக்கும். அடைப்பு விடாவிட்டால், பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டுப் பாவனை அமோனியாவும் ஒரு துளி பாத்திரச் சவர்க்காரமும் கலந்து, நிப்புப் பகுதியைச் சில மணிநேரம் ஊறவிடுங்கள். அமோனியாவை வெளுப்பு நீரோடு சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும். ரொட்ரிங் ஐசோகிராஃப் போன்ற குழாய்முனைப் பேனைகளிலும் இதே கலவை வேலைசெய்யும். ஆனால் 0.1, 0.2 அளவுகளில் உள்ளிருக்கும் கம்பியை வெளியே இழுக்காதீர்கள். மயிரளவு கம்பி, வளைந்தால் திரும்பப் போகாது. முனையை முழுதாகவே ஊறவிட்டு, மெல்ல ஆட்டும்போது கம்பியின் டிக்டிக் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அடைப்பு விட்டுவிட்டது. வேலை முடிந்ததும் இந்தப் பேனைகளை முனை மேலே பார்க்க நிறுத்தி வையுங்கள், ஃபைன்லைனரைப் படுக்கவையுங்கள்.

மாரி தொடங்கினால் பிரச்சினை மறுபக்கம் திரும்பும். கடதாசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கோட்டின் விளிம்பில் மை நார்நாராய்ப் பரவும், காயவும் நேரமெடுக்கும். கடதாசியையும் நன்றாக உலர்ந்த நிப்புகளையும், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். உப்புக்காற்றில் வெறும் உருக்கு நிப்பு விரைவில் துருப்பிடிக்கும். வண்ணம் பூசுமுன் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, ஒரு மணிநேரம் கழித்து ஈரத் தூரிகையால் தடவிப் பாருங்கள். கரைந்தால் படத்தை அடுத்த நாள்வரை விட்டுவிடுங்கள்.